பதினோராவது கதவு

ஒரு பட்டியல் என்றால் அதை ஒரே பார்வையில் படிக்க முடிய வேண்டும் என்பது என் கட்சி. கணினித் திரையில் மொத்தம் இருபத்தைந்து வரிதான் இடம். மேலே தலைப்பு, கீழே ‘எண்ணைத் தட்டவும்’ என்று ஒரு வேண்டுகோள், நடுவில் கண்ணுக்கு மூச்சுவிடக் கொஞ்சம் வெற்றிடம். இதெல்லாம் போக பதினொரு வரி தாராளம். சில ஓட்டல்களில் பலகை நிறைய எழுதி வைத்துவிட்டு, எதைக் கேட்டாலும் தீர்ந்துபோச்சு என்பார்கள். அந்த வேலை எனக்குப் பிடிக்காது. பட்டியலில் இருந்தால் அது ஓட வேண்டும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எழுதிக்கொள்பவருக்குக் கை வலிக்காத வேகத்தில் சொல்கிறேன்.

என் மாடி அறையில் ஒரு கணினியும் ஒரு மோடமும் இருந்தன. மோடம் என்பது கணினி பேசுவதைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பும் சின்னப் பெட்டி. ஊரில் கணினி வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டு ஃபோன் கம்பியிலிருந்து என் எண்ணுக்கு அடித்தால் என் மோடம் எடுக்கும். அவர்கள் திரையில் என் புல்லட்டின் போர்டு விரியும். கடிதம் போடலாம், அடுத்தவர் போட்டதற்குப் பதில் எழுதலாம், சண்டை போடலாம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். ஒரே லைன். அதுதான் வீட்டு ஃபோனும். ஒருவர் உள்ளே இருந்தால் வெளியே மற்ற எல்லோருக்கும் எங்கேஜ்ட் ஒலிதான் கேட்கும். இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

போர்டில் நூற்று நாற்பது பேர் பதிந்திருந்தார்கள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. என் பெயர் மாலுமி. ‘மாலுமி சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று முகம் தெரியாதவர்கள் எழுதுவார்கள். வீட்டில் எனக்கு அப்படி யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

வீடு அண்ணனுடையது. அவர் நில அளவையாளர். ஊரில் பாதிக் காம்பவுண்டுச் சுவர்கள் அவர் சங்கிலி போட்டு அளந்து காட்டிய இடத்தில்தான் நிற்கின்றன. வீட்டிலும் அப்படித்தான். யார் எங்கே உட்காருவது, யார் எவ்வளவு பேசுவது எல்லாம் அவர் அளந்து வைத்ததுதான். அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பதிவேடுகளைக் கோடு பிசகாமல் எழுதுகிறவர். நான் மின்சார மீட்டர்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அதன்பின் மாடி அறைதான் எனக்கு. எலி வளையானாலும் தனி வளை.

அண்ணன் ஒரே ஒரு தடவை மாடிக்கு வந்து போர்டைப் பார்த்தார். திரையில் மாலுமி என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“கடலே இல்லாத ஊர்ல மாலுமியாம். ஏன்டா, பெட்டிக்குள்ள யாரு இருக்கா, உன் பொண்டாட்டியா?”

அவர் சிரித்தால் வீடே சிரிக்க வேண்டும். அண்ணி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அந்தப் பெயர் ஏன் என்று கேட்டீர்கள். இருபத்து மூன்று வயதில் சரக்குக் கப்பல் ஒன்றில் வயர்லெஸ் ஆபரேட்டராக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேலை உத்தரவு தபாலில் வந்ததை அண்ணன் தன் வரைபடப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். சேர வேண்டிய நாள் கடந்த பிறகு எடுத்துக் கொடுத்தார். “நீயும் போயிட்டா அம்மாவ யாரு பாத்துப்பா?” என்றார். அடுத்த வருடமே அம்மா போய்விட்டார். இதற்கு நான் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இருபத்தோரு வருடக் கதை. நினைப்பதுகூட இல்லை. பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு மூன்றாம் நம்பர் கப்பல்துறையில் ஆஜராக வேண்டும் என்று போட்டிருந்தது. வெளிர் நீலக் காகிதம்.

இப்போது இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்டு ஆரம்பித்த புதிதில் கீழே யாராவது ஃபோனை எடுத்தால் மேலே அழைத்தவரின் தொடர்பு அறுந்துவிடும். அவர் பாதிக் கடிதத்தில் இருப்பார். திட்டி எழுதுவார்கள். அதனால் நானே ஒரு சின்னப் பெட்டி செய்து லைனில் பொருத்தினேன். மோடம் லைனில் இருக்கும்வரை கீழே இருக்கும் ஃபோனைப் பெட்டி துண்டித்து வைக்கும். எடுத்துக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, கல் மாதிரி இருக்கும். கீழே யாராவது ஃபோனை எடுக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொள்ள மேலே ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். மரியாதைக்காகத்தான். யாருக்காவது அவசரம் என்றால் நான் லைனை விட்டுக்கொடுக்கலாம் அல்லவா? இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. விளக்கு எரிந்தால் அழைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு விசையைத் தட்டுவேன். அண்ணி கீழேயிருந்து, “கிடைச்சிடுச்சு தம்பி” என்பார்.

பிறகு அண்ணனுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சில் இரண்டே சொல் மிஞ்சியது: ‘வா’, ‘இல்ல’. ஊரையே அளந்து பேசச் சொன்னவருக்கு இரண்டு சொல் அளந்து கொடுக்கப்பட்டது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு அதிகாரம் செய்ய முடியும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அண்ணி வேலையை விட முடியாது. காலை ஒன்பதரையிலிருந்து நாலரை வரை அண்ணனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் கட்டிலின் இடது பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்திருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவார், நான் இறங்கிப் போவேன். தண்ணீர். ஜன்னல். திரும்பிப் படுக்க வேண்டும். மறுபடி ஜன்னல். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு தடவை. மாடிப்படி பதினேழு.

ஃபோனைக் கட்டிலுக்கு அருகில் மாற்றியது அண்ணியின் யோசனை. முதல் பொத்தானை அழுத்தினால் நேராக அவர் மேஜைக்குப் போகும்படி நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அன்று அண்ணி என்னிடம் ஒன்று கேட்டார்.

“தம்பி, பகல்ல மட்டும் அந்த போர்ட நிறுத்தி வெச்சிடுங்க. நான் வீட்டுல இல்லாதப்ப அவருக்கு அந்த லைன் வேணும். சாயங்காலம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க.”

“சரி அண்ணி.”

“சும்மா சரின்னு சொல்லக் கூடாது.”

“நிறுத்திட்டேன்னே வெச்சுக்குங்க.”

ஃபோன் வந்த மறுநாள் டம்ளரையும் கரண்டியையும் எடுத்துச் சமையலறையில் வைத்தேன். “அதான் ஃபோன் இருக்கே அண்ணே, அப்புறம் எதுக்கு மேளம்?” என்றேன். அவர் “இல்ல” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் இல்ல என்றுதான் சொல்வார். அண்ணியிடம், கரண்டியால் தட்டித் தட்டி அவர் மணிக்கட்டு வீங்குகிறது என்று சொன்னேன். கொஞ்சம் வீங்கத்தான் செய்திருந்தது.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அண்ணன் பொத்தானை அழுத்துவார். அண்ணி எடுத்ததும் “வா” என்பார். “நாலரைக்கு வந்துடுவேன், சாப்பிட்டீங்களா?” என்று அண்ணி கேட்பார். “இல்ல” என்பார். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பார், நான்தான் ஊட்டியிருப்பேன். அந்த ஒரு நிமிடப் பேச்சுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். என்னைப் பார்த்ததும் அணைந்துவிடும்.

மூன்று வாரம் வாக்கைக் காப்பாற்றினேன். அதற்குள் ஊரில் இன்னொருவர் போர்டு ஆரம்பித்துவிட்டார். அங்கே பகல் முழுக்கத் திறந்திருக்கும். அதோடு பதினான்கு கதவுகள். கதவு என்று எங்கள் தொழிலில் சொல்வது வெளி நிரல்களை. சதுரங்கம், வார்த்தை விளையாட்டு, கருத்துக் கணிப்பு என்று தனியாக எழுதப்பட்ட நிரல்கள். போர்டு அழைத்தவரை அந்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். என் போர்டில் அப்போது ஒரு கதவுகூடக் கிடையாது. வெறும் கடிதம்தான்.

எங்களிடம் தவறாமல் வரும் ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதினார்: ‘மாலுமி சார், தப்பா நினைக்காதீங்க. அங்க நாலு பேரோட விளையாடலாம். இங்க நாலு பேரோட சண்டைதான் போடலாம்.’ நாளுக்கு முப்பது பேர் வந்த இடத்தில் ஆறு பேர் வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

அதனால் பகலில் போர்டை மறுபடி திறந்தேன். முதலில் காலை பத்திலிருந்து பதினொன்றுவரை. அந்த நேரத்தில் அண்ணன் தூங்குவார். பிறகு பன்னிரண்டுவரை. பிறகு மதியமும். ஆனால் பன்னிரண்டு ஐம்பத்தைந்திலிருந்து ஒன்று ஐந்துவரை லைனை அவருக்காக ஒழித்து வைத்தேன். ஒரு நாளும் தவறியதில்லை. ஒருவருக்கு ஒரு மணிக்கு லைன் வேண்டுமென்றால் ஒரு மணிக்குக் கொடுத்தால் போதும் என்பது நியாயமாகத்தான் தோன்றியது. அண்ணிக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கதவுகளை ஒவ்வொன்றாக அமைத்தேன். அது பொறுமையான வேலை. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு குணம். போர்டு ஒதுங்குவதற்கு முன் ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும்: வந்திருப்பவர் பெயர் என்ன, அவருக்கு இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம், எந்தக் கம்பி வழியாக வந்தார். நிரல் அந்தச் சீட்டைப் படித்துத்தான் கதவைத் திறக்கும். சீட்டு இருக்கும் இடத்தில் ஒரு எழுத்து மாறினாலும் திறக்காது. திறக்காத கதவு முன்னால் அழைத்தவர் நின்றுகொண்டே இருப்பார். பத்துக் கதவுகளை ஒன்பது நாளில் ஓடவைத்தேன். பட்டியலுக்கு மேல் ஒரு பாய்மரக் கப்பல்கூட வரைந்தேன், விசைப்பலகையில் இருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்தே.

பதினொன்றாவது ஒரு கடற்பயண ஆட்டம். ஆளுக்கொரு கப்பல், துறைமுகம் துறைமுகமாகப் போக வேண்டும். அதுதான் படுத்தியது.

அன்று செவ்வாய்க்கிழமை. பதினொன்று பத்துக்குக் கீழே இறங்கி அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன். நன்றாக இருந்தார். ஜன்னலைக் காட்டினார். திறந்தேன். மறுபடி காட்டினார். மூடினேன். மேலே வந்து வேலையைத் தொடங்கினேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் பயன்பாட்டில் இருந்தது. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மீட்டர் கம்பெனிப் பழக்கம், எந்தக் கருவி எதைக் காட்டினாலும் நேரத்தைக் குறித்துவிடுவேன். பக்கத்திலிருந்த காகிதத்தில் பென்சிலால் குறித்தேன். பன்னிரண்டு நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலேயே இன்னொரு தடவை. நாற்பத்து நான்கு. அவர் நேரம் ஒரு மணி. இன்னும் ஆகவில்லை. நோயாளி என்றாலும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

ஒரு மணி ஆனபோது கவனித்தேன். ஆனால் அந்தச் சமயம் பார்த்து, பதினோராவது நிரல் சீட்டை எங்கே தேடுகிறது என்பது பிடிபடும் நிலைக்கு வந்திருந்தது. நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. விளக்கு மொத்தம் பதினேழு தடவை எரிந்தது. கடைசியாக எரிந்தது ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு. அதன்பின் அணையவே இல்லை, விடாமல் எரிந்தது. அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் ஏதோ கம்பி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. ஒரு சாய்வுக்கோடு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். சரியாக இருக்கிறதா என்று உள்ளே போய் வெளியே வந்து இரண்டு முறை பார்த்தேன். பிறகு விசையைத் தட்டி லைனை விட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

அண்ணன் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தார். ரிசீவர் அவர் மார்புக்கும் கைக்கும் நடுவில் இருந்தது. இடது கட்டைவிரல் மட்டும் சிவந்து போயிருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். அவரைத் தூக்கி நேராகப் படுக்கவைத்தேன். போர்வையைச் சரிசெய்தேன். பிறகு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். லைன் மிகத் தெளிவாக இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். இரண்டாவது தாக்குதல் என்றார்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சிருக்கும்?” என்று கேட்டேன்.

“மதியம் இருக்கும். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்” என்றார்.

அண்ணிக்கு நான் சொல்லவில்லை. டாக்டர்தான் சொன்னார், அதுவும் பக்கத்து வீட்டுக்குப் போய் ஃபோன் செய்து. எங்கள் ஃபோனில் அவரால் முடியவில்லை. அந்த நேரத்தில் யாரோ உள்ளே வந்து பதினோராவது கதவைத் திறந்திருந்தார்கள். முதல் ஆள்.

போர்டை ஒரு நாள் மூடினேன். விஷயம் தெரிந்து அறுபத்திரண்டு பேர் ஆறுதல் எழுதினார்கள். ‘அண்ணனைப் பெற்ற தாய் போலப் பார்த்துக்கொண்டீர்கள் மாலுமி சார்’ என்று ஒருவர். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதை அழிக்கவில்லை.

அண்ணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பகலில் போர்டு திறந்திருந்தது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று யாரோ ஒருவர் விளையாடிக்கொண்டிருந்தார், நான் கவனிக்கவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்த முதல் வாக்குமூலத்திலும் அதையேதான் சொன்னேன். அண்ணி அழுதுகொண்டே என் தலையில் கைவைத்தார். “விளையாட்டுப் புத்தி தம்பி உங்களுக்கு” என்றார், குழந்தையிடம் சொல்வது போல.

ஐந்து வாரம் கழித்து, அண்ணனின் அளவைப் புத்தகங்களை அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டு மாடிக்கு வந்தார். போர்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று என் பிரிண்டர் தானாக அச்சடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காகிதங்களை மடித்துத் தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். அண்ணி பதிவேட்டோடு வாழ்ந்தவர். கையில் எடுத்ததும் சரியான தேதியைப் பிரித்துவிட்டார்.

“தம்பி, அன்னிக்கு லைன்ல யாரு இருந்தா?”

“யாரோ விளையாடிட்டு இருந்தாங்க அண்ணி. அப்பவே சொன்னேனே.”

“மருந்துக்கடைக்காரர் பதினொன்னு அஞ்சுக்குப் போயிட்டார்னு இருக்கு. அடுத்த ஆளு ரெண்டு இருபதுக்குத்தான் வந்திருக்காரு. நடுவுல யாரு?”

நான் மற்றக் காகிதங்களின் அடுக்கைச் சரிசெய்தேன்.

“ஒரு மணிக்கு அவர் கூப்பிடலேன்னு நானே அடிச்சேன். ஆறு தடவை. ஆறு தடவையும் எங்கேஜ்ட். யாரு தம்பி இருந்தா?”

“நான்தான் அண்ணி.”

“யாரோட பேசிட்டு இருந்தீங்க?”

“யாரோடயும் இல்ல.”

அண்ணி காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் என் பென்சில் எழுத்து இருந்தது. பதினேழு நேரங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். கடைசியில் விரல் நின்றது. இது என்ன என்று அவர் கேட்கவில்லை. அந்த விளக்கை அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் அவர் எடுத்தபோதெல்லாம் எரிந்த விளக்குதான். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இறங்கிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தார்.

ஆகவே முதல் வாக்குமூலத்தில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். அன்று யாரும் அழைக்கவில்லை. பட்டியலைச் சோதித்துப் பார்க்கும்போது நடுவில் யாராவது வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக மோடத்தை நானே லைனில் ஏற்றி வைத்திருந்தேன். வெளியே எங்கேஜ்ட், கீழே கல். கம்பியில் ஒரு சத்தமும் இல்லை, ஒரு எழுத்தும் ஓடவில்லை. சோதிப்பதற்கு லைனே தேவையில்லை, என் விசைப்பலகை போதும். ஒரு விசையைத் தட்டியிருந்தால் லைன் அவருக்குப் போயிருக்கும், என் வேலையும் நின்றிருக்காது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். நாற்பத்திரண்டு நிமிடமும் தெரியும்.

அப்படியானால் ஏன் தட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தக் கப்பல் உத்தரவு காரணமா என்றும் கேட்டீர்கள். இல்லை. கோபம் என்று எதுவும் என் மனதில் இருந்ததில்லை. நான் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பதினேழு தடவையும் அவர் அழுத்தியது அண்ணியின் எண்ணைத்தான். என்னை ஒரு தடவையாவது கூப்பிட்டிருந்தால் நான் உடனே இறங்கிப் போயிருப்பேன்.